ஒட்டுறதுன்னா எங்கப்பாதான்

மூக்கைப் பொத்தணும்னா தாராளமா பொத்திக்கோங்க அக்கா, நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன். நீங்க கைக்குட்டையை எடுக்கிறதும், மூக்குப் பக்கம் கொண்டு போறதும், நான் திரும்பினதும் மடியில் இருக்கிற பிள்ளைக்கு வாய் துடைக்கிற மாதிரி நடிக்கிறதும், கள்ளிக்குடி தாண்டினதிலிருந்து பார்த்துக்கிட்டுத்தான் வர்றேன். அவன் வாய் சுத்தமாத்தான் இருக்கு. இன்னும் துடைச்சீங்கன்னா உதடு உரிஞ்சிரும். தோல் உரியிறதைப் பத்தி எனக்கு நல்லாத் தெரியும், அதனால சொல்றேன்.

நாத்தம் என்கிட்டே இருந்துதான் வருது. சொல்லிட்டேன். முன் சீட்டில் ஒரு வெள்ளைச் சட்டைத் தாத்தா, எலி செத்துக் கிடக்குன்னு குனிஞ்சு குனிஞ்சு தேடுறார் பாருங்க, தேடட்டும். அவருக்கு முதுகு வலிக்கும்போது நிறுத்திக்குவார். ஆனா நீங்க பக்கத்தில் உட்கார்ந்திருக்கீங்க, கைப்பிள்ளையை வச்சிருக்கீங்க. உங்ககிட்ட மறைக்கக் கூடாது. எனக்கு மறைச்சுப் பேச வராது. உள்ளதை உள்ளபடி சொல்லிடுவேன். எங்க வீட்டில் அது ஒண்ணுதான் என்கிட்டே இருக்கிற பெரிய கெட்ட பழக்கம்.

எனக்கு வயித்தில் பை மாட்டியிருக்கு அக்கா. சுடிதாருக்கு உள்ளே, வலது பக்கம். மத்தவங்களுக்குப் பின்னாடி போறது எனக்கு முன்னாடி அந்தப் பையில் போகுது. அது கசிஞ்சிருக்கும் போல. கசிஞ்சிருக்கான்னு தொட்டுப் பார்க்கலாம். பார்க்க மாட்டேன். பார்த்து என்ன பண்ண? கையில் இருந்த கடைசிப் பையை ஒட்டிக்கிட்டுத்தான் கிளம்பினேன். இன்னைக்கு மதுரையில் டாக்டர் பார்க்கணும். பையைச் சுத்தியிருக்கிற தோல் ஆறியிருந்தா, குடலைத் திரும்ப உள்ளே வச்சுத் தைக்கத் தேதி குடுப்பார். தோல் புண்ணா இருந்தா, நாறிக்கிட்டுப் போய் நின்னா, 'இன்னும் கசியுதா, போயிட்டு அடுத்த மாசம் வா'ன்னு விரட்டிடுவார். போன தடவை அப்படித்தான் விரட்டினார். அதனால தொட மாட்டேன். ஆஸ்பத்திரி போற வரைக்கும் அது கசியலைன்னே வச்சுக்குவோம்.

அந்தா, டிரைவர் பக்கத்தில் கம்பியைப் பிடிச்சுத் தொங்கிக்கிட்டு வர்றாரே, கட்டம் போட்ட சட்டை, அவர்தான் எங்கப்பா. பால்ச்சாமி. சிவகாசியில் போய்ப் பசை பால்ச்சாமின்னு கேட்டுப் பாருங்க, நாய்கூட வழி காட்டும். நீங்க விருதுநகரில் ஏறுற வரைக்கும் இந்த இடம் காலியாத்தான் இருந்தது. உட்காரலை. இப்பவும் பின்னாடி ஒரு சீட் காலியா இருக்கு. உட்காரலை. பெத்த மகள் பக்கத்தில் உட்கார வெட்கம். அவ்வளவு தள்ளிப் போய் நின்னுக்கிட்டு, நான் மானத்தை வாங்கிட்டேனான்னு அப்பப்பத் திரும்பித் திரும்பி ஒரு பார்வை.

பாட்டுச் சத்தத்தில் நான் பேசுறது யாருக்கும் கேட்காது. கேட்டாலும் கேட்கட்டும்.

நான் பத்தாம் வகுப்போட படிப்பை நிறுத்திட்டேன். ஏன்னு கேட்காதீங்க, ஊர்ல இருக்கிற அத்தனை பேரும் கேட்டாச்சு. எனக்கும் கணக்குக்கும் ஆகலை, அவ்வளவுதான். அப்பா வேலை பார்க்கிற காலண்டர் கம்பெனிக்கே போனேன். தேதிக் கட்டை அட்டையில் ஒட்டுற வேலை. அப்பா பசை காய்ச்சுவார், நாங்க வரிசையா உட்கார்ந்து ஒட்டுவோம். ஆவணியில் எனக்குக் காய்ச்சல் வந்தது. காலண்டருக்கு அதுதான் சீசன். அப்பா, 'சீசன் முடியட்டும் மாரி, பெரிய டாக்டர்கிட்ட போவோம்'னார். மாத்திரையைப் போட்டுக்கிட்டு ஒட்டினேன். அடுத்த வருஷத்துத் தேதியெல்லாம் கட்டுக் கட்டா ஒட்டிக்கிட்டு இருக்கேன், எனக்கு இந்த வருஷமே முடிஞ்சிடும் போல இருந்தது.

ஒரு நாள் வேலை பார்த்துக்கிட்டு இருக்கும்போதே வயிறு கல்லு மாதிரி ஆயிருச்சு. மதுரைக்குத் தூக்கிட்டு ஓடினாங்க. டைபாய்டு காய்ச்சல் முத்தி, குடலில் ஓட்டை விழுந்திருக்காம். கெட்டுப்போன துண்டை வெட்டி எடுத்துட்டு, மிச்சக் குடலோட வாயை வயித்துக்கு வெளியே கொண்டு வந்து வச்சுட்டாங்க. 'உள்ளே ஆறட்டும், அப்புறம் எடுத்து உள்ளே வச்சிடலாம்'னார் டாக்டர். ஏதோ மழை விட்டதும் துணியை எடுத்து வீட்டுக்குள்ளே வச்சிடலாம்ங்கிற மாதிரி.

முகத்தைச் சுளிக்காதீங்க. பார்க்க அசிங்கமா எல்லாம் இருக்காது. தோல் உரிச்ச தக்காளி மாதிரி செக்கச் செவேல்னு இருக்கும். தொட்டா வலிக்காது. ஆனா நம்ம பேச்சைக் கேட்காது. எப்ப வரும்னு சொல்ல முடியாது, வந்தா நிற்காது, நாம சாப்பிட உட்கார்ந்தா கரெக்டா வந்து நிற்கும். அதனால நான் அதுக்கு மேஸ்திரின்னு பேர் வச்சிருக்கேன். எங்க கம்பெனி மேஸ்திரி அச்சு அசல் அப்படித்தான்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் அக்கா பை ஒட்டச் சொல்லிக் குடுத்தாங்க. பையோட பின்னாடி ஸ்டிக்கர் மாதிரி ஒரு வட்டம் இருக்கும். அதில் மேஸ்திரி அளவுக்கு ஓட்டை வெட்டணும். தோலைக் கழுவி, ஈரம் இல்லாம ஒத்தி எடுத்து, அழுத்தி ஒட்டணும். அவ்வளவுதான். அம்மா அழுதுக்கிட்டே இருந்ததில் ஒண்ணும் காதில் விழலை. அப்பா எல்லாத்துக்கும் தலையாட்டினார். கடைசியில் சிரிச்சுக்கிட்டே, 'ஒட்டுறதுதானேம்மா? எனக்கேவா சொல்லித் தர்றீங்க?'ன்னார்.

அங்கே ஆரம்பிச்சது அக்கா வினை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா தெரு முழுக்க ஒரு சேதி சொல்லி வச்சுட்டாங்க. எனக்கு அப்பன்டிஸ் ஆபரேஷனாம். 'பொண்ணுக்கு நாளைக்கு நல்லது கெட்டது பார்க்க வேண்டாமா, வயித்தில் பை தொங்குதுன்னா எவன் வருவான்'னு அம்மா. 'இந்தப் பையைப் பார்த்து ஓடுறவன் வந்தாத்தான் என்ன, வராட்டிதான் என்ன'ன்னேன். வாயில் ஒண்ணு போட்டாங்க. பொய்யைப் பார்த்தா எனக்கு அப்படியே பத்திக்கிட்டு வரும் அக்கா. உடம்புக்கு வந்ததைச் சொல்ல என்ன வெட்கம்? நானா திருடிட்டு வந்தேன் அந்தக் குடலை?

அப்பன்டிஸுக்குத் துக்கம் விசாரிக்கத் தெருவே வந்தது. ஆளுக்கொரு ஹார்லிக்ஸ் பாட்டில், ஒரு பன் பாக்கெட், ஒரு சீப்பு வாழைப்பழம். எனக்கு வேண்டியது பை. ஆஸ்பத்திரியில் குடுத்தது கொஞ்சம்தான், அது தீர்ந்துக்கிட்டே வருது. எங்க ஊர் மெடிக்கலில் சொல்லி வச்சா எப்பவாவது வரும், வந்தாலும் விலை மேஸ்திரியையே உள்ளே ஓட வைக்கும். ஹார்லிக்ஸ் கொண்டு வந்த ஒருத்தர்கிட்டயாவது உண்மையைச் சொல்லியிருந்தா ஒரு பை கொண்டு வந்திருப்பாங்களா இல்லையா? சொல்ல விடலையே. நான் என்ன பண்ணினேன் தெரியுமா, பிரிக்காத பாட்டிலை எல்லாம் ஒரு சாக்கில் கட்டி மெடிக்கல்காரர்கிட்ட திருப்பிக் குடுத்துட்டுப் பை வாங்கிட்டு வரச் சொன்னேன். அப்பாதான் போனார். முதல் தடவை நம்ம பொய்யால் ஒரு நல்லது நடந்துச்சுன்னு அம்மாவுக்குச் சந்தோஷம்.

தனபாக்கியம் அத்தைன்னு ஒருத்தங்க இருக்காங்க, அப்பாவோட அக்கா. அவங்களுக்கு மூக்கு மட்டும் போலீஸ் மூக்கு. வந்து உட்கார்ந்த உடனே, 'என்னடி கொமட்டுது, வாசல் சாக்கடை அடைச்சிருக்கா?'ன்னாங்க. அம்மா கண்ணை மூடிக்கிட்டு, 'ஆமா மதினி, ஒரு வாரமா அடைச்சுக் கிடக்கு, யார்கிட்ட சொல்ல'ன்னுட்டாங்க. அத்தை சும்மா இருப்பாங்களா? நேரே போய்க் கவுன்சிலரைப் பிடிச்சு ஒரு சத்தம். மறுநாள் ஆளுங்க வந்து, எங்க தெருவில் நான் பிறந்ததிலிருந்து கை வைக்காத சாக்கடையைத் தோண்டி வண்டி வண்டியா அள்ளிட்டுப் போனாங்க. தெருவே அத்தையைக் கொண்டாடுது. எனக்கில்லையா அந்த மரியாதை? அந்தத் தெரு சுத்தமானது என் குடலால்.

ஆனா நாத்தம் போகலை. போகுமா?

பை நிற்கவே மாட்டேங்குது அக்கா. காலையில் ஒட்டினா மத்தியானம் ஓரம் தூக்கும். தூக்கின இடத்தில் கசியும். மேஸ்திரிகிட்டே இருந்து வர்றது சும்மா வராது, அமிலம் மாதிரி, பட்ட இடமெல்லாம் தோலை அரிச்சிடும். தோல் புண்ணானா அங்கே நீர் கசியும். நீர் கசிஞ்சா ஸ்டிக்கர் ஒட்டாது. ஒட்டாட்டி மறுபடி கசியும். சுத்திச் சுத்தி அதேதான். எரிச்சல்னா அப்படி ஒரு எரிச்சல், வெங்காயம் உரிச்ச கையைக் கண்ணில் வச்ச மாதிரி, ஆனா நாள் பூரா. சாப்பிட்டாத்தானே வரும்னு நான் பட்டினி கிடந்து பார்த்தேன். மேஸ்திரி அதுக்கும் லீவு போடலை. பச்சைத் தண்ணியா வந்து நின்னார்.

அம்மா என்ன பண்ணினாங்க? புண்ணுன்னா தேங்காய் எண்ணெய். அவங்களுக்கு உலகத்தில் எந்தப் புண்ணா இருந்தாலும் தேங்காய் எண்ணெய்தான். அத்தை பக்கத்து வீட்டில் கேள்விப்பட்டது, மஞ்சளைக் குழைச்சுப் போட்டா காய்ஞ்சிடுமாம், அப்பன்டிஸ் தையலுக்கு. அதுவும் போட்டாங்க. எண்ணெய் வச்ச தோலில் ஸ்டிக்கர் ஒட்டுமா? சட்டியில் எண்ணெய் ஊத்தித் தோசை வார்த்தா எப்படி நழுவும், அப்படி நழுவுது பை. நழுவினா எரியுது. எரிஞ்சா, 'ஐயோ என் தங்கம், இன்னும் கொஞ்சம் எண்ணெய் வைக்கிறேன்'. இப்படியே ஒரு பாட்டில் எண்ணெய் தீர்ந்தது, பையும் தீர்ந்தது. அப்புறம் கொஞ்ச நாள் பால் பாக்கெட் கவரைக் கழுவி, பிளாஸ்திரி போட்டு மாட்டிக்கிட்டுத் திரிஞ்சேன். பால் கவர் இல்லாத அன்னைக்கு ஜவுளிக்கடைக் கவர். ஆடித் தள்ளுபடின்னு எழுதியிருக்கும் வயித்தில். ஆடி போய் ஐப்பசி வந்தாச்சு, என் வயித்தில் மட்டும் தள்ளுபடி முடியலை.

இதெல்லாம் அம்மா பண்ணினது. இருங்க, எங்கப்பா இன்னும் ஆரம்பிக்கலை.

எங்கப்பாவுக்கு அது மானப் பிரச்சினையா ஆயிருச்சு. அவர் காய்ச்சின பசையில் ஒட்டின காலண்டர் டெல்லி வரைக்கும் போயிருக்காம், ஒரு தேதி உதிர்ந்ததுன்னு ஒரு புகார் வந்ததில்லையாம். அவர் வீட்டிலேயே, அவர் மகள் வயித்திலேயே, ஒண்ணு ஒட்டாம விழுறதுன்னா? பையைக் கையில் வச்சுக்கிட்டு, ஸ்டிக்கரை மோந்து பார்க்கிறார், விரலால் தேய்ச்சுப் பார்க்கிறார், 'என்னத்தைப் பசை போட்டிருக்கான், தூ'ங்கிறார். பை கம்பெனிக்காரன் பசையைத் திட்டுறதில் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். மறுபடி மெடிக்கலில் சொல்லி வச்சு வாங்கின ரெண்டு பையையும் பீரோவில் வச்சுப் பூட்டிட்டார். 'இரு மாரி, அப்பா ஒட்டித் தர்றேன். அப்புறம் யார் பிய்க்கிறான்னு பார்ப்போம்'னார்.

உங்களுக்குப் பசை காய்ச்சுறது தெரியாதுல்ல? மைதா மாவைக் கரைச்சு அண்டாவில் கிண்டிக்கிட்டே இருக்கணும். அதில் மயில்துத்தம் போடுவாங்க. நீலக் கல்லு மாதிரி இருக்கும், விஷம். எலியும் பாச்சையும் காலண்டரைத் தின்னக் கூடாதுன்னு. எங்கப்பா புத்திசாலி. என் மகளுக்குத் துத்தம் ஆகாதுன்னு, துத்தம் போடாம தனியா ஒரு சின்னச் சட்டியில் கம்பெனியிலேயே காய்ச்சி, மூடி போட்டு, துண்டில் சுத்தி, சைக்கிளில் கொண்டு வந்தார். கூழ் மாதிரி ஆவி பறக்குது. 'சுத்தமான மைதா. சாப்பிடவே செய்யலாம்'னார். அந்தச் சட்டி துத்தம் கரைக்கிற சட்டி. அதோட விளிம்பு எத்தனை வருஷமா நீலமாக் கிடக்கோ. அது அவர் கண்ணில் படவே இல்லை.

காலண்டரைப் பார்த்தார் அக்கா! சத்தியமா. சுவரில் தொங்குற, அவரே ஒட்டின காலண்டரில் நல்ல நேரம் பார்த்தார். ராகு காலம் கழியட்டும்னு பசையை ஆற வச்சுக்கிட்டுக் காத்திருந்தோம். என் வயித்தில் மேஸ்திரி ராகு காலம் பார்க்காம வேலை பார்த்துக்கிட்டு இருக்கார், நான் துணியை வச்சு அமுக்கிக்கிட்டுப் படுத்திருக்கேன், அம்மா விளக்கு ஏத்துறாங்க. நல்ல நேரம் வந்ததும் பிரஷ்ஷால் தடவினார். அட்டைக்குத் தடவுற மாதிரி, விளிம்பில் இருந்து உள்ளே, ஒரே சீரா. கையில் வித்தை இருக்கு, இல்லைங்கலை. பையை வச்சுத் துணியால் ஒரு தேய். 'இப்ப இழு பார்ப்போம்'னார்.

ஒட்டிச்சு. பெருமையா இருந்தது மனுஷனுக்கு. அன்னைக்குக் கசியலை, மறுநாள் கசியலை. தெருவில் நடக்கும்போது நெஞ்சை நிமிர்த்தி நடந்தார். எதுக்கு நிமிர்த்துறார்னு வெளியே சொல்லவும் முடியாது, ஏன்னா எனக்கு அப்பன்டிஸ்.

எனக்கு உள்ளே நெருப்பு எரியுது. 'அப்பா, எரியுதுப்பா'ன்னேன். 'பிடிக்குது, பசை பிடிக்கும்போது அப்படித்தான் இருக்கும்'னார். அட்டை அவர்கிட்ட என்னைக்காவது எரியுதுன்னு சொல்லியிருக்கா? அதனால அவருக்குத் தெரியாது. மறுநாள் ராத்திரி நானே பிய்ச்சேன். பை வரலை. இழுத்தேன். பையோட தோலும் சேர்ந்து வந்தது.

அதுக்கு மேல சொல்ல வேண்டாம், பிள்ளைக்குப் பால் குடுக்கிற நேரம்.

மதுரைக்குப் போனோம். அன்னைக்கு எனக்கு ஆபரேஷன் தேதி குடுக்கிறதா இருந்தது. டாக்டர் பார்த்தார். ஓரத்தில் காய்ஞ்சு கிடந்த பொருக்கை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். 'என்ன இது?' அப்பா பெருமையா, 'மைதா பசைங்க சார், துத்தம் போடலை'ங்கிறார். டாக்டர் நகத்தைக் கழுவிட்டு வந்தார். அப்புறம் மெதுவாக் கேட்டார்: 'ஏங்க, இது வயிறா, சுவரா? போஸ்டர் ஒட்டியிருக்கீங்க? எந்தப் படம், எந்தத் தியேட்டர்னு எழுதலையா?' சுத்தி நின்ன டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைங்க எல்லாம் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். அந்த எரிச்சலிலும் சிரிச்சேன் அக்கா, ஏன்னா டாக்டர் சொன்னது சரியான பதில். அப்பா மட்டும் சிரிக்கலை. அவர் கையைப் பார்த்துக்கிட்டே நின்னார்.

'இந்தத் தோலில் கத்தி வைக்க முடியாது. தோல் ஆறினாத்தான் தேதி. எண்ணெய் கூடாது, மஞ்சள் கூடாது, பவுடர் கூடாது, உங்க பசை கூடவே கூடாது. ஓட்டையை அளவாத்தான் வெட்டணும், தோல் வெளியே தெரியக் கூடாது'ன்னு டாக்டர் அப்பாவுக்கு வரைஞ்சு காட்டினார். நாங்க என்னடான்னா மேஸ்திரிக்கு உரசக் கூடாதுன்னு பாவம் பார்த்து ஓட்டையைப் பெருசா வெட்டிக்கிட்டு இருந்திருக்கோம். பெருசா வெட்டினா சுத்தித் தோல் திறந்து கிடக்குமில்ல, அதைத்தான் மேஸ்திரி அரிச்சிருக்கார்.

அன்னையிலிருந்து எங்கப்பா வாயைத் திறக்கிறதில்லை. ஒட்டுறதைப் பத்தி ஒரு பேச்சு கிடையாது. கோபம். நான் சிரிச்சதில் கோபம், எனக்குத் தெரியும். இருக்கட்டுமே. தோல் போனது அவருக்கா எனக்கா?

பழைய காலண்டர் அட்டையில் மேஸ்திரி அளவுக்கு ஒரு வட்டம் வெட்டி வச்சுக்கிட்டார். ஒரு நகைக்கடைப் பொண்ணு படம், அதோட கழுத்துக்குக் கீழே வட்டம். அந்த அட்டையை வச்சுத்தான் ஒவ்வொரு பையிலும் ஓட்டை போடுவார். மேஸ்திரி நாளாக நாளாகச் சுருங்குவார், அதனால திரும்பத் திரும்ப அட்டையைப் புதுசா வெட்டுவார். ஒரு மயிரிழை இடம் இருக்காது. வெட்டின விளிம்பை நகத்தால் தடவி மழுங்கடிச்சு, என்கிட்டே நேராக் குடுக்க மாட்டார், ஜன்னலில் வச்சுட்டுப் போயிடுவார். அவ்வளவு கோபம். பையை அடைக்கிற கிளிப் தொலைஞ்சு போச்சுன்னு அம்மாகிட்ட சொன்னேன். மறுநாள் ஜன்னலில் கம்பெனி கிளிப்பு ஒரு கை நிறைய கிடக்கு. அவரோட நல்ல வேட்டி ஒண்ணு, தைப்பொங்கலுக்கு எடுத்தது, அதையும் காணோம். எனக்கு ஒத்தி எடுக்கப் புதுத் துணி மட்டும் நிறைய வந்துச்சு, வெள்ளையா, மெத்துன்னு. வேட்டியை எங்கே போய்த் தொலைச்சாரோ, கேட்டா வாயைத் திறக்க மாட்டார்.

ஒரு பையைக் கழுவிக் கழுவி நாள் கணக்கா ஓட்டுவேன். எரிஞ்சாலும் கை வைக்க மாட்டேன். தண்ணியில் கழுவுறது, ஒத்துறது, விசிறியில் காய வைக்கிறது, ஒட்டுறது, உள்ளங்கையை மேலே வச்சு அப்படியே படுத்துக் கிடக்கிறது. சூட்டில்தான் பிடிக்கும் அது. அம்மா எண்ணெய்ப் பாட்டிலோட வந்தா நான் கத்துற கத்தில் அத்தை வீடு வரைக்கும் கேட்கும். இப்ப தோல் ஆறிடுச்சு அக்கா. நேத்துக் குளிக்கும்போது பார்த்தேன். பிள்ளைங்க கன்னம் மாதிரி இருக்கு, உங்க பையன் கன்னம் மாதிரி. அதான்... அதான் தொட்டுப் பார்க்க மாட்டேங்கிறேன். நேத்து வரைக்கும் நல்லா இருந்தது. இன்னைக்குப் பார்த்து இந்தச் சனியன் கசியணுமா?

எங்கப்பாவைப் பாருங்க, மறுபடி திரும்பிப் பார்க்கிறார். சிவகாசியில் ஏறினதிலிருந்து டிரைவர்கிட்ட குனிஞ்சு குனிஞ்சு என்னமோ பேச்சு. விருதுநகர் பஸ் ஸ்டாண்டில் இறங்கினார், கள்ளிக்குடியில் இறங்கினார். பீடி. அம்மாகிட்ட விட்டுட்டேன்னு சத்தியம் பண்ணின மனுஷன். இறங்கிட்டுத் திரும்பி வந்து, என் பக்கம் பார்க்காமலே, 'கக்கூஸ் அந்தப் பக்கம் இருக்கு, தண்ணியும் வருது, சும்மா சொன்னேன்'னுட்டு முன்னாடி போயிட்டார். நான் கேட்டேனா? பீடிக்கு ஒரு சாக்கு. ஆனா பீடி நாத்தமே இல்லை, அதுதான் எனக்குப் புரியலை.

ஐயோ, தாத்தா கத்த ஆரம்பிச்சுட்டார். கேளுங்க. 'கண்டக்டர், வண்டியைக் கழுவுறதே இல்லையா, குடலைப் பிடுங்குது!' பிடுங்குதாமே தாத்தாவுக்கு. எனக்குப் பிடுங்கி வெளியிலேயே வச்சாச்சு.

கண்டக்டர் வர்றார். ஒவ்வொரு சீட்டா மோந்துக்கிட்டே வர்றார். அக்கா, என் கையைக் கொஞ்சம் பிடிங்க. அதுக்கில்லை, சும்மா பிடிங்க. நான் தொட்டுப் பார்த்துடறேன். கண்டக்டர் கேட்டா உள்ளதைச் சொல்லணும்ல.

...

காய்ஞ்சிருக்கு.

அக்கா, காய்ஞ்சிருக்கு. சுத்தி வர்றேன், இந்த ஓரம், அந்த ஓரம், கீழே. ஒரு பொட்டு ஈரம் இல்லை. கையை மோந்து பாருங்க. வேண்டாமா? நான் பார்க்கிறேன். சோப்பு வாசம்தான் அடிக்குது! அட்டை வச்சு வெட்டின ஓட்டை அக்கா, எப்படிக் கசியும்? ஒட்டுறதுன்னா... சரி, அதை விடுங்க.

அப்ப இது எங்கே இருந்து வருது?

உங்க பையன் ஏன் இப்படிச் சிரிக்கிறான்? கொஞ்சம் தூக்குங்க. தூக்குங்கன்னா. உங்க சேலையைப் பாருங்க அக்கா! அடப்பாவி, நீதானாடா? கள்ளிக்குடியிலேயே போயிட்டு, நான் வாழ்க்கைச் சரித்திரம் சொல்லச் சொல்ல என் முகத்தைப் பார்த்துக் கேட்டுக்கிட்டா வந்தே? நான் முந்திக்கிட்டு ஒத்துக்கிட்டதில் உங்கம்மாவுக்கு உன் மேல சந்தேகமே வரலை பாரு. அப்ப நான் எதுக்குக்கா உங்ககிட்ட இதையெல்லாம் சொன்னேன்?

வண்டி ஏன் நிக்குது? இது ஸ்டாப் இல்லையே, பெட்ரோல் பங்க்.

எங்கப்பா வர்றார். என்னப்பா? ...இறங்கணுமா? ...இல்லப்பா, நான் இல்லை. நான் இல்லைங்கிறேன்ல, இந்தப் பயல். ...யார்கிட்ட சொல்லி வச்சீங்க? டிரைவர்கிட்டயா, கக்கூஸ் இருக்கிற இடமாப் பார்த்து நிறுத்தச் சொல்லி? சிவகாசியிலேயேவா?

அப்ப பீடி?

சரி. சரிப்பா. தாத்தா தள்ளி உட்கார்ந்துக்கிறாராம், அங்கே போய் உட்காருங்க. கால் வீங்கிக் கிடக்கு பாருங்க. நல்லா ஒட்டியிருக்குப்பா. காய்ஞ்சு போய் இருக்கு. ம், போங்க.

பாருங்க அக்கா, பஸ்ஸே சிரிக்குது. 'பச்சைப் பிள்ளைதானே, பன்னீர் மாதிரி'ங்கிறார் அந்தத் தாத்தா. இவ்வளவு நேரம் அவருக்குச் செத்த எலி, இப்பப் பன்னீர். கண்டக்டர் கன்னத்தைக் கிள்ளிட்டுப் போறார். போறதெல்லாம் ஒண்ணுதான், போறவனுக்குப் பல் இல்லாம இருக்கணும் போல.

அழாதீங்க, இதுக்குப் போயா கூச்சப்படுறீங்க? இந்தாங்க, என் மஞ்சப்பையில் எல்லாம் இருக்கு. தண்ணி. துணி. இது... எங்கப்பா வேட்டி, மெத்துன்னு இருக்கும். தேய்க்காதீங்க, ஒத்தி ஒத்தி எடுங்க. மடிப்புக்குள்ளே சிவந்திருக்கு பாருங்க, அங்கே காத்துப்பட விடுங்க. என்ன அது, எண்ணெய்ப் பாட்டிலா? உள்ளே வைங்க அதை. வைங்கன்னா.

என்ன தாத்தா? ...ஆமா, மதுரைக்கு, ஆஸ்பத்திரிக்குத்தான். ...எனக்கா? ஒண்ணுமில்லை தாத்தா. சும்மா, அப்பன்டிஸ்.

அக்கா, சிரிக்காதீங்க.